சந்தனம் பூசிய ஸ்டெதாஸ்கோப்

சந்திரசேகரனின் ஸ்டெதாஸ்கோப்புக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சாத்தியாகிவிட்டது. பக்கத்தில் தெர்மாமீட்டருக்கு ஒரு பொட்டு. முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியலுக்கு இரண்டு பொட்டு. மூன்றும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுகமாகப் படுத்திருந்தன.

"அம்மா, நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போயேன். யாரு வேணாங்கிறா?" என்றாள் வடிவம்மாள். "இதையெல்லாம் நாளைக்கு மறுபூசை முடிஞ்சுதான் எடுக்கணும். நடுவுல தொட்டா படிச்சதெல்லாம் மறந்துடும்."

"துரை கேப்பாரும்மா."

"சரஸ்வதி பூசைன்னு சொல்லு. அவருக்கு மட்டும் வேற யாரு படிப்பு குடுத்தா?"



துரை என்றால் ஆஸ்பத்திரியின் பெரிய வெள்ளைக்கார டாக்டர். லேசுப்பட்ட ஆளல்ல. பயிற்சிக்கு வரும் மாணவன் தன் சொந்தக் கருவிகளோடுதான் வார்டுக்குள் கால் வைக்க வேண்டும். நோயாளியின் நெஞ்சில் கேட்டதைத் துரையின் முகத்தைப் பார்த்து, பக்கத்து வார்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். முன்பு ஒருவன் சுத்தியலை மறந்து வந்தான் என்று அவனைச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்கே திருப்பிக் கப்பலேற்றிவிட்டார். பாவம், அவனுக்கு ஒரு வருடம் பாழ். இன்றைக்குச் சந்திரசேகரனின் முறை.

வடிவம்மாள் பாயசம் கிளற அடுப்படிக்குப் போனாள். சந்திரசேகரன் மூன்றையும் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். தெர்மாமீட்டர் இருந்த இடத்தில் ஒரு பென்சில், சுத்தியலுக்குப் பதில் மர அகப்பை, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதில் ஒரு பழைய சைக்கிள் டியூப். எல்லாவற்றையும் பட்டுத் துணியால் மூடினான். கலைமகள் பொறுத்துக்கொள்வாள், அம்மாவைத்தான் நம்ப முடியாது.

சூலியா தெரு வழியாக ரிக்சாவில் போகும்போது ஈரக் கைக்குட்டையால் ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்தான். வெளியே இருந்த குங்குமம் போயிற்று. அதன் வாயில் அப்பியிருந்த சந்தனம் மட்டும் கரைந்து, துளைக்குள் இறங்கி, வெயிலில் இறுகிக்கொண்டது. அது அவனுக்குத் தெரியாது.

வார்டில் அவனுக்கு ஒதுக்கிய நோயாளி ராமசாமி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சந்திரசேகரன் அவர் நெஞ்சில் குழலை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தான். இதயத் துடிப்புகூட இல்லை. ஆள் என்னவோ எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டுக்கொண்டிருந்தார். குழலின் கணக்குப்படி அவர் செத்து வெகுநேரமாகியிருந்தது.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள்; இந்தத் தெய்வம் வார்டு வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

"என்னா டாக்டர், உள்ள ஒண்ணும் இல்லியா?" என்றார் ராமசாமி.

"இருக்கு, இருக்கு."

குழலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சந்தனம் கண்ணில் பட்டது. ராமசாமியிடமே ஒரு தீக்குச்சி வாங்கிக் குடைந்தான். குச்சி உள்ளேயே முறிந்தது. முன்பு அடைப்பு மட்டும் இருந்தது. இப்போது அதற்கு ஆப்பும் அடித்தாயிற்று.

அதற்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை வந்துவிட்டார். அவருடைய கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ஆஸ்பத்திரி உதவியாள் அப்துல் அஜீஸ் பின்னால் வந்தார். துரை கருவிகளை எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்து, என்ன கேட்டது என்று விசாரித்தார்.

கேட்கவில்லை என்றால் கப்பல். சந்திரசேகரன் கண்ணை மூடி மனத்துக்குள் அம்மாவிடம் ஒரு மன்னிப்பும் சரஸ்வதியிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததை உரக்கச் சொன்னான். இடது நுரையீரலின் அடியில், புறா முனகுவதுபோல, லேசாக ஒரு சத்தம்.

புறாவை ஏன் இழுத்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

துரை தம் ஸ்டெதாஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்தார். ராமசாமியின் முதுகில் வைத்து, புருவத்தைச் சுருக்கி, நெடுநேரம் கேட்டார். கடைசியில் துரை நிமிர்ந்து அவன் தோளில் தட்டினார். புறாவேதான் என்றார். இத்தனை வருடத்தில் இவ்வளவு நுட்பமான காது உள்ள மாணவனைத் தாம் பார்த்ததில்லை என்றார். ராமசாமிக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பாலும் ரொட்டியும் எழுதிவிட்டுப் போனார். ராமசாமிக்கு ஏக மகிழ்ச்சி.

சந்திரசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. குழல் அடைத்தும் உள்ளதை உள்ளபடி சொல்ல வைத்தாளே சரஸ்வதி! அம்மா சொன்னதை இனிமேல் தட்டுவதில்லை, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பது என்று அங்கேயே முடிவு செய்தான்.

வெளியே குழாயடியில் நின்று பயபக்தியோடு சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். துரையின் பையை வைத்துவிட்டு வந்த அப்துல் அஜீஸ் எட்டிப் பார்த்தார்.

"சந்தனமா அடைச்சிருக்கீங்க? இந்த ஊரு ஈரத்துக்கு அது பூஞ்சை பிடிச்சிடும் தம்பி, பஞ்சுதான் நல்லது. கரப்பான் பூச்சி பூந்துடக் கூடாதுன்னு போன மழைக்கே துரையோடதுல நான் பஞ்சு அடைச்சு விட்டேன். அவரு இன்னைக்கு வரைக்கும் ஒரு குறையும் சொன்னதில்ல லா."