கழுவிய கைக்குக் கையெழுத்து கிடையாது

எருசலேமில் பஸ்கா பண்டிகைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாண்புமிகு ரோம ஆளுநர் அவர்கள் கை கழுவினார். கை கழுவுவது நல்ல பழக்கம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கழுவித் தொலைத்துவிட்டார்.

எழுத்தர் நிக்கானோர் தாளையும் மையையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, அந்தக் கலிலேயாக்காரன் விஷயம். ஒரே ஒரு கையெழுத்து."

"யோவ், உனக்குக் கண்ணு தெரியலையா? இப்பத்தானே கழுவினேன்! மறுபடி கறை பட்டா?"

"அப்ப விட்டுடலாங்களா?"

"விட்டா, வெளியில கத்துறவங்க ரோமாபுரிக்கு எழுதிப் போட்டுடுவாங்க. என் நாற்காலி போயிடும்."

"அப்ப கொன்னுடலாங்களா?"

"அவன்மேல ஒரு குத்தமும் இல்லய்யா! நானே விசாரிச்சேனே!"

நிக்கானோர் கோப்பைப் புரட்டினான். உண்மைதான். 'கைதி குற்றமற்றவர் எனத் தெள்ளத் தெளிவாகத் தெரியவருவதால், அன்னாருக்குச் சாட்டையடி வழங்கப்பட்டது' என்று அவன் கையாலேயே எழுதியிருந்தான்.

"நீ அனுபவஸ்தன். என் பேரு வராம எதையாவது எழுதி முடி" என்று சொல்லிவிட்டு ஆளுநர் உள்ளே போனார்.

நிக்கானோர் தாளை விரித்து வைத்தான். முற்றத்தில் அந்த மனிதர் ரத்தம் வடிய நின்றுகொண்டிருந்தார். 'விடுவிக்கப்படுகிறார்' என்று எழுதினாலும் ஆளுநர் படித்துப் பார்க்கப்போவதில்லை. ஒரே சொல்லில் ஓர் உயிர் பிழைத்துவிடும். ஆனால் விட்டுவிட்டால் யார் விட்டது என்று நாளைக்கே கேட்பார்கள். கொன்றுவிட்டால் ஒரு பயலும் கேட்க மாட்டான். இதை நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்போடு எழுதினான்:

'மேற்படி நபர் சிலுவையில் அறையப்படுவது உகந்தது எனக் கருதப்படுகிறது.'

யார் அறைவது, யார் கருதுவது போன்ற அநாவசிய விவரங்கள் அதில் இல்லை.

கைதியைப் பிடித்துக் கொடுத்த ஆலோசனைச் சபையின் ஆள் எலியாக்கீம் வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க பேரு எங்கயாச்சும் வருதா?"

"இல்லீங்க."

"ரொம்ப சந்தோஷம். 'மக்கள் நலன் கருதி'ன்னு ஒண்ணு சேர்த்துடுங்க."

"எந்த மக்களுங்க?"

"பொதுவா மக்கள்தான். யாரு எவருன்னு போட்டா சண்டைக்கு வந்துடுவாங்க."

சேர்த்தான். அடுத்து, தண்டனையை நிறைவேற்ற வேண்டிய நூற்றுவர் தலைவன் ரூபியுஸ் வந்தான்.

"யாரு போட்ட ஆணை இது?"

"ஆணையிடப்பட்டிருக்குங்க."

"யாரால?"

"அது... கருதப்பட்டிருக்குங்க."

"யோவ், பட்டிருக்கு பட்டிருக்குன்னா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையா உருளுறது? தாளுல எவன் பேரு இருக்கோ அவன்தான் பொறுப்பு. எங்க படையில அதான் வழக்கம். எடு இங்க!"

மேலிருந்து கீழே படித்தான். திருப்பிப் பார்த்தான். முழுத் தாளிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, கைதியின் பெயர்.

ரூபியுஸின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பொறுப்பாளி இந்தா நிக்கிறாரே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பொறுப்பு அவருடையது என்று முடிவானபின் சிலுவை மரத்தை மட்டும் வேறு யார் சுமப்பது? தூக்கி அவர் தோளிலேயே வைத்தார்கள். நிர்வாகத்தில் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஊர்வலம் கிளம்பியது.

தெருவின் இரு பக்கமும் ஊரே நின்று பார்த்தது. நிக்கானோரும் போய் நின்றான். காலையில் மாளிகை வாசலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்! எந்தப் பாவிங்க இந்த வேலையைச் செஞ்சது?"

"தெரியலீங்களே" என்றான் நிக்கானோர். "நானும் உங்களை மாதிரி சும்மா பார்க்க வந்தவன்தான்."