உங்கள் தங்கையின் சூட்கேஸ்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

நான் இதுவரை உயிரோடுதான் இருக்கிறேன். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை என்னை விட்டுப் போகப் போகிறாள் என்று சந்தேகப்படுகிறேன்.

அவள் பாடும் ஓபரா குழுவுக்குக் கூட்டம் வருவதில்லையாம். சனமெல்லாம் சினிமாவுக்குப் போகிறது என்று, பழைய ஓபராக்களை ஒவ்வொரு சினிமா டைரக்டரின் பாணியில் மேடையேற்ற மேனேஜர் முடிவு செய்தாராம். இது அவள் சொல்லும் கதை. முதலில், யாருமே பேசாத படம் எடுக்கும் டைரக்டர் பாணி. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், சமையலறைக் குழாய் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவமே என்று வாஷரை மாற்றினேன். "அந்தச் சொட்டை வெச்சுத்தாங்க நான் பாட ஆரம்பிக்கணும், அதையும் கெடுத்துட்டீங்க" என்று அழுதாள். குழாய் ஒழுகவில்லை என்று அழும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுத்தது இருட்டிலேயே படம் எடுப்பவர். நான் போட்ட விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று, "காபி ஆறுது" என்பதைக்கூடக் கொலை மிரட்டல் மாதிரி சொன்னாள். நான் குடிப்பேனா, வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன். இப்போது, எந்நேரமும் மழை பெய்கிற படம் எடுக்கும் டைரக்டராம். கூடத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள், காலடியில் சூட்கேஸ். தூக்கிப் பார்த்தேன் மச்சான், கனக்குது, பூட்டியும் இருக்கு. ஒத்திகைக்குக் காலிப் பெட்டி போதாதா? நேத்து போன்ல யார்கிட்டயோ, "அவரைக் கடைசில கொன்னுடலாம், அதான் எல்லாருக்கும் நல்லது"ன்னு சொல்லிட்டிருந்தா. பழைய ஓபராவுல கடைசில சாகுறது பொண்டாட்டிதானேன்னு நான் கேட்டா, "டைரக்டர் மாறினா சாகுற ஆளும் மாறும்"ங்கிறா.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு ஒரு நாள் ஓடாது. வந்து ஒரு வார்த்தை கேளுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, அது கிடைப்பதற்குள் எனக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால்.

இப்படிக்கு,
நீங்கள் தேடிப் பிடித்த மாப்பிள்ளை

பி.கு.: வர வேண்டாம். கவரை ஒட்டும்போது மேனேஜரே வீட்டுக்கு வந்தார். மூன்று ஓபராவிலும் சாகும் கணவன் வேஷம் எனக்காம். பாட வேண்டாம், சாகும்வரை மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தால் போதுமாம். ஒத்திகை வேண்டாமா என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் அதைத்தானே பண்ணிட்டிருக்கார்" என்றாள் உங்கள் தங்கை. சூட்கேஸில் இருப்பது நான் சாகும்போது போட வேண்டிய கோட்டுகள். போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருக்கின்றன. எனக்கு யாரும் அளவே எடுக்கவில்லையே, அதுதான் மச்சான் இடிக்கிறது.