ஃபார்மேட் பாயும் முந்நூற்றெழுபது அட்டைப்பெட்டிகளும்

ஆம்பூர் வட்டாரத்தில் வைரஸ் தின்ற ஃபைல்களைவிட ஃபார்மேட் பாய் வைத்தியம் பார்த்து அழித்த ஃபைல்கள்தான் ஜாஸ்தி.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க். ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குத் தூசி ஆகாது என்பதால், ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ அனுப்புகிற நாங்கள் அந்த ஏ.சி. அறைக்குள் வெறுங்காலோடு நடமாடினோம்.

மூன்றையும் பார்த்துக்கொள்ள நாட்றம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார் பாய். சிடிக்கள் அடுக்கிய ஜிப் பையை மார்போடு அணைத்தபடிதான் படியேறுவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. எந்தக் கோளாறைச் சொன்னாலும் ஃபார்மேட் பண்ணி ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பார். அதனால் ஃபார்மேட் பாய்.

ஒருமுறை மவுஸ் நகரவில்லை என்றேன். ஃபார்மேட் பண்ணினார். இரண்டு மணி நேரம் கழித்தும் நகரவில்லை. பிறகு மவுசைக் கவிழ்த்து, அடியில் இருந்த உருண்டையைக் கழற்றி, ஒட்டியிருந்த தோல் தூசியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டார். நகர்ந்தது. பார்த்தீர்களா, ஃபார்மேட் பண்ணினதும் சரியாகிவிட்டது என்றார். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோன அன்றும் இதே சிகிச்சைதான்.

ஓ.எஸ். ஏறும்போது கைகட்டி உட்கார்ந்திருப்பார். திரையில் ஓடும் பட்டை தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றால், யாரும் நடக்க வேண்டாம் என்று கையமர்த்துவார். அது முடிந்ததும், கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த சிடிக்களை ஏற்றுவார். செஸ், பியானோ வகுப்பு, வாழ்த்து அட்டை வரைவது, சீன மொழியில் தட்டச்சு செய்வது, ஒன்றையும் விட மாட்டார். எங்கள் ஆபீசில் யாருக்குச் சீனம் தெரியும் பாய் என்று கேட்டேன். கம்பெனிக்காரன் பிரியமாகக் கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதையில்லை என்றார்.

ஒருநாள் காலை. மாலை ஐந்துக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை ஜோடி என்கிற பேக்கிங் லிஸ்ட்டை மூன்று நாளாகத் தட்டி முடித்திருந்தேன். பிரிண்ட் எடுப்பது மட்டும் பாக்கி. என் கெட்ட நேரம், கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று பாயின் காதுபடச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அங்கே ஒரு மணி நேரம் பிடித்துவிட்டது. திரும்பி வந்தால் என் நாற்காலியில் பாய். திரையில் நீலப் பட்டை நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

லிஸ்ட் இல்லாமல் வண்டி போகாது, வண்டி போகவில்லையென்றால் நாளை வர வேண்டாம் என்றார் மேனேஜர். அழித்தவரிடம் இல்லை, என்னிடம்.

பாய் செருப்பை மாட்டினார்.

"பொட்டி மேலயே எழுதியிருக்கும்ல சார்? நான் படிக்கிறேன், நீங்க எழுதிக்கோங்க."

குடோனில் முந்நூற்றெழுபது பெட்டிகள், கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருந்தன. பாய் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஏறினார். தலைகீழாக இருந்த பெட்டியில் ஆறை ஒன்பது என்று படித்தார், சந்தேகம் வந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், திருத்தினார். தும்மித் தும்மி மூன்று மணிவரை படித்தார். நான் ஓடிவந்து தட்டி முடித்து பிரிண்ட் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. புது ஓ.எஸ்.ஸில் செஸ் இருந்தது, பியானோ இருந்தது, பிரிண்டரை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் இல்லை. அதையும் தேடிப் போட்டார். நான்கு ஐம்பதுக்குக் காகிதம் கைக்கு வந்தது. வண்டி போனது.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. 'பழைய பில்' என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்த என் பதினோரு கதைகளும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஆபீஸ் நேரத்தில் எழுதியவை என்பதால் வெளியே சொல்லி அழவும் முடியாது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பாய் சட்டைப் பையிலிருந்து, 'பழைய பில்' என்று பேனாவால் எழுதிய ஒரு ஃப்ளாப்பி டிஸ்கை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"லிஸ்ட்டுன்னா பொட்டி மேல இருக்கும். இது வேற எங்க சார் இருக்கும்? அதான் மொதல்லயே எடுத்து வெச்சேன்."

அதே ஃப்ளாப்பியில் லிஸ்ட்டுக்கும் இடம் இருந்ததே பாய் என்றேன். அது தோணலை என்றார்.

அவரைத் திட்ட நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, ஃப்ளாப்பியை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பாய் பையை அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். ஒரு கதையைப் படித்துவிட்டாராம்.

"பாகாயத்துல பஸ் ஏறிப் போச்சே ஒரு பொண்ணு, அது ஏன் சார் திரும்பி வரல?"

அதுவரை என் கதையை யாரும் படித்ததில்லை. மறுநாள் ஆபீசுக்கு வந்ததும், பாய்க்காகவே கதையின் முடிவை மாற்றி அவளைத் திரும்பி வரவைத்தேன்.