அறைக்குள் யானை

கடைசி நாற்காலிப் பெண் அன்றைக்கும் இமைக்கவில்லை.

மாலை நேர ஆங்கில வகுப்பு வாத்தியார் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வாரமாக இப்படித்தான். வருகிறாள், வெறிக்கிறாள், போகிறாள். யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாளோ என்ற சந்தேகம் அவரைப் பிடித்து ஆட்டியது. வாய்விட்டுக் கேட்கலாம்தான். ஆனால் பேய் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், இருக்கிற மூன்று பேரும் ஓடிவிடுவார்கள். இன்னும் ஒருவர் நின்றாலும் வகுப்பை மூடிவிடுவதாக முதலாளி ஏற்கெனவே சொல்லியாயிற்று. வாத்தியாருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

அதனால் சுற்றி வளைத்தார்.

“இன்னிக்குப் பாடம் ‘எலிஃபண்ட் இன் த ரூம்’. ரூமுக்குள்ள ஒரு யானை நிக்குது. எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. உதாரணம் சொல்லுங்க பார்ப்போம். நம்ம ரூமையே எடுத்துக்கலாம்.”

தையற்காரர் நோட்டைப் பார்த்தார். டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். நர்ஸ் அக்காவுக்கு இருமல் வந்தது.

வாத்தியாருக்கு முதுகு சில்லென்றது.

“சரி, எல்லாரும் முன்னால வந்து உட்காருங்க.”

“இங்கயே இருக்கோம் சார்” என்ற டிரைவர், நாற்காலியை இன்னும் பின்னுக்கு இழுத்து, அந்தப் பெண்ணை ஒட்டிப் போட்டுக்கொண்டார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். பாவம், பக்கத்தில் இருப்பது என்னவென்று தெரியாமல் போகிறார்களே என்று வாத்தியார் பதறினார்.

போர்டிலாவது எழுதித் தொலைப்போம் என்று, திரும்பாமலே பின்னால் கையை நீட்டினார். துழாவ வேண்டியிருக்கவில்லை, சாக்பீஸ் கைக்கு வந்தது. நர்ஸ் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வாத்தியாருக்குப் பொறுமை போயிற்று.

“அந்தக் கடைசி நாற்காலியில யாராவது இருக்காங்களா, இல்லையா?”

“இருக்காங்களே சார்” என்றார் தையற்காரர். “போன வாரம் சேர்ந்தாங்க. முதலாளி உங்ககிட்ட சொல்லலையா? ரொம்பக் கூச்சப்படுறாங்க.”

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆள் குறையவில்லை, கூடியிருக்கிறது. சிரித்தே விட்டார்.

“ஏம்மா, இப்படி வச்ச கண்ணு வாங்காம என்னையே பார்த்தா நான் பயந்துட மாட்டேனா?”

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் தயங்கியபடி எழுந்து நின்றாள்.

“உங்களைப் பார்க்கல சார். உங்க பின்னாடி நிக்கிறவரை எல்லாரும் கண்டும் காணாம இருக்காங்களே, நாம மட்டும் எதுக்குக் கேக்கணும்னுதான் வாயைத் திறக்கல.”