முதல் பெஞ்சில் ஒரு தலை

புரியாத கணக்குக்குக் கடைக்குட்டி அன்றும் தலையாட்டித் தொலைத்தாள்.

வீட்டில் வைத்த பட்டப்பெயர் கல்லூரி வரை கூடவே வந்திருந்தது, கணக்குதான் வரவில்லை. முதல் நாள், விரிவுரையாளர் கரும்பலகையை நிரப்பிவிட்டு முதல் பெஞ்சைப் பார்த்தார். முழிப்பது தெரியக்கூடாதே என்று ஒப்புக்குத் தலையசைத்தாள். அவர் முகம் மலர்ந்து அடுத்த பாடத்துக்குத் தாவினார். அன்றிலிருந்து இவள் ஆட்ட ஆட்ட அவர் ஓடினார்.

சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. முதல் தேர்வு திங்கட்கிழமை. தேறாவிட்டாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவதில்லை என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்.

கடைசி பெஞ்சுக்கு மாறிப் பார்த்தாள். அவர் வகுப்பு முழுக்கக் கண்ணால் துழாவி அவளைக் கண்டுபிடித்து, மறுபடி முன்னால் உட்காரவைத்தார்.

தொலைபேசியில் அக்காவிடம் அழுதாள்.

"தலைய ஆட்டாம இருக்க முடியாதாடி உன்னால?"

"அவர் பார்த்தாலே தானா ஆடுதுக்கா."

மறுநாள் சுளுக்கு என்று சொல்லி, அறைத்தோழியின் பழைய கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு போனாள். அவர் கணக்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். தலை அசையவில்லை. அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டார். பார்த்தார். மறுபடி அழித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நம்மால் ஒரு மனுஷர் இந்தப் பாடு படுகிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. பட்டையோடு இடுப்பிலிருந்து முழு உடம்பையும் ஆட்டினாள்.

அவருக்கு மூச்சு வந்தது. நாளைக்கு இந்தப் பாடத்தை நீயே எல்லாருக்கும் நடத்திக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

 இனி ஒளிந்து பிரயோஜனமில்லை, நடப்பது நடக்கட்டும் என்று முடிவுகட்டினாள். பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், முதல் நாள்லேருந்து எனக்கு ஒண்ணுமே புரியல. சும்மாதான் தலையாட்டினேன்."

அவர் சாக்பீஸ் கையோடு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அவள் தலைகுனிந்து நின்றாள். அவரோ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நானும் வேலைக்குச் சேர்ந்தது அன்னிக்குத்தாம்மா," என்றார் மெதுவாக. "நீ தலையாட்டுறத வச்சுத்தான் நான் போட்ட கணக்கு சரின்னு இத்தனை நாளா நம்பிட்டிருந்தேன்."