தொழிலாளர் மந்திரிக்கு எந்த சைஸ்?

ராயபுரம், திருப்பூர்
19.8.1993

அன்புள்ள மாப்பிள்ளை நஜீமுதீன் அவர்களுக்கு, மாமா காஜா மொய்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். ஆப்பிரிக்காவில் கம்பெனிச் சாப்பாட்டையும் மீறி நீங்கள் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். நசீமாவுக்கு ஒன்பதாம் மாதம் முடியப் போகிறது. டாக்டரம்மா இந்த மாதக் கடைசி என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குள் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இங்கே எங்களுக்கு ஒரே வேலை. ஒப்பந்தம் முடியுமுன் ஊருக்கு வர தொழிலாளர் மந்திரி கையெழுத்து வேண்டும், புது ஜனாதிபதி இன்னும் மந்திரிசபையை அமைக்கவில்லை என்று நீங்கள் எதிர்வீட்டு எக்ஸ்போர்ட் ஆபீசுக்கு பேக்ஸ் அனுப்பிய நாளிலிருந்து ராயபுரத்தில் உங்கள் நாட்டு அரசியல்தான் ஓடுகிறது. டீக்கடையில் "ஏனுங்க பாய், இலாகா பிரிச்சாச்சுங்களா?" என்று விசாரித்த பிறகுதான் டீயே ஆற்றுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்த பேக்ஸில், தொழிலாளர் மந்திரியின் பெயர் அறிவிப்பாகிவிட்டது, ஆள் நல்ல பருமன் என்று எழுதியிருந்தீர்கள். வெறுங்கையோடு போய்க் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று, கட்டிங் மாஸ்டர் செங்கோட்டையனிடம் டபுள் எக்ஸ்எல்லில் ஒரு காலர் பனியன் வெட்டச் சொன்னேன். லஞ்சமெல்லாம் வேண்டாம் என்றாள் நசீமா. லஞ்சம் இல்லை கண்ணு, சாம்பிள் என்றேன். பட்டன் வைப்பதற்குள் அடுத்த பேக்ஸ்: அவரை விவசாயத்துக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது ஒரு ஒல்லியான வாத்தியார். மீடியம் வெட்டினோம். அவரோ நிதி இலாகா கொடுத்தால்தான் ஆச்சு என்று கோபித்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை ஒரு அம்மையார் பெயர் வந்தது. அவர் அளவை எழுத உங்களுக்குக் கூச்சம், கேட்க எனக்குக் கூச்சம். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "பாய், வெளிநாட்டு பையர் கூட ஆர்டர் குடுத்துப்போட்டு இத்தன தடவ மாத்த மாட்டானுங்க. அந்த ஜனாதிபதிகிட்ட ஒருக்கா கன்பர்ம் பண்ணிக்கிட்டு வெட்டலாமுங்க."

அதனால் எக்ஸ்போர்ட் முறைப்படியே செய்துவிட்டேன். ஒரே பெட்டியில் எல்லா சைஸும் கலந்து போடுவோமே, அதே கணக்கு: ஸ்மால் மூன்று, மீடியம் எட்டு, லார்ஜ் எட்டு, எக்ஸ்எல் ஐந்து, டபுள் எக்ஸ்எல் இரண்டு. உங்கள் மந்திரிசபையும் இருபத்தாறுதானே. இனி யாரை எந்த இலாகாவுக்கு மாற்றினாலும் பெட்டிக்குள் அவர் அளவு இருக்கும். நாளைக் காலை பார்சலில் போகிறது, இந்தக் கடிதமும் அதற்குள் இருக்கும். கையெழுத்து இல்லாமல் கிளம்பி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நசீமா தைரியமாக இருக்கிறாள். உங்களைப் பற்றி விசாரிப்பதே இல்லை. எதிர்வீட்டில் பேக்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்து நிற்பாள், அவ்வளவுதான். நேற்று வயிற்றைத் தொட்டுக்கொண்டு, "மந்திரி மெதுவா வரட்டும் அத்தா, இது ரெண்டு நாளு பொறுத்துக்கிட்டா போதும்" என்றாள். மடித்து வைத்த பனியன்களையே மறுபடி மடிக்கப் போய்விட்டேன்.

மாமி முனவர் பேகம் சலாம் சொல்கிறாள். மாஸ்டர் உங்களுக்கும், பதவி நிலைத்தால் அந்த அம்மையாருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார். ஒரு முடிவில் ரெண்டு நாளாவது நிற்கிற மனசை உங்கள் ஜனாதிபதிக்கு அல்லாஹ் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
காஜா மொய்தீன்

பின்குறிப்பு: பெட்டிக்குக் கயிறு கட்டும்போது எக்ஸ்போர்ட் ஆபீசில் உங்கள் போன், பம்பாயிலிருந்து. மேஜையைக் காலி செய்ய வந்த பழைய ஆட்சியின் தொழிலாளர் மந்திரி, கிடந்த தாளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம், ஓடி வந்து விமானம் ஏறினதில் சொல்லக்கூட நேரமில்லை என்றீர்கள். இந்தக் கடிதத்தை இனி எந்த விலாசத்துக்குப் போடுவது? சனிக்கிழமை ஸ்டேஷனில் கையில் தருகிறேன். நசீமா அங்கெல்லாம் வரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு வியாழக்கிழமைதான், அவள் இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.