முத்திரை குத்தாத கை

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறு முழுவதற்கும் நம்பத்தகுந்த தராசு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒன்பது கஜம் புடவை கட்டிக்கொண்டு, எங்கள் காலனியின் இரண்டாவது குறுக்குத் தெருவில் குடியிருந்தது. பெயர் தராசு மாமி. சொந்தப் பெயர் மாமாவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

மாமியின் வலது உள்ளங்கையில் எதை வைத்தாலும் எடை சொல்லிவிடுவாள். ஒரு விநாடி கண்ணை மூடுவாள். கை லேசாக மேலும் கீழும் ஆடும். கிராம் சுத்தமாகப் பதில் வரும். தபால்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்கு நின்றால், "இதுக்கு ஸ்டாம்பு போதாதே, எப்படி விட்டா?" என்பாள். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "மூணு கிலோ நூறு. ஆஸ்பத்திரில துணியோட சேத்து நிறுத்திருக்கா" என்றாள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் வளையலைச் சும்மா வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த மௌனத்துக்கே சம்பந்திகள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

காலனிச் சங்கத்துக்கு ஆற்றோரம் ஒரு காலி மனை இருந்தது. மழைக்காலத்தில் அது குளம். பொங்கல் கழிந்து தரை காய்ந்ததும், வேளச்சேரி, தரமணிப் பக்கத்து விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே தங்கள் தோட்டத்துக் காய்களைக் கொண்டுவந்து விற்பார்கள். தராசுகள் சங்கத்தினுடையவை. மூன்று மாதம் வதங்கிய கத்திரிக்காய் தின்ற காலனி, முதல் ஞாயிறன்று விடியும்போதே பையோடு வந்து நிற்கும்.

அந்தச் சந்தைக்கு மாமி ஒரு தனி ஆபத்து. முக்கியமாக, வேளச்சேரி எல்லம்மாவுக்கு. எல்லம்மாவின் கத்திரிக்காய் பட்டு மாதிரி இருக்கும். வாய் அப்படி இருக்காது.

"மாமி, நீ வந்தாலே என் தராசுக்கு ஜொரம் வருது" என்பாள்.

"ஜுரம் இல்ல எல்லம்மா, பக்கவாதம். ஒரு பக்கமா இழுத்துண்டிருக்கு, பாரு."

மாமி கையில் வைத்து, "நாப்பது கிராம் குறையறது" என்பாள். எல்லம்மா மறுபடி நிறுப்பாள். நாற்பது குறையும். ஐந்து வருஷமாக இந்தச் சண்டை நடந்தது. ஒரு தடவைகூட மாமி தோற்றதில்லை.

அந்த வருஷம் நான் சங்கத்தின் இணைச் செயலாளர். யாரும் வேண்டாம் என்ற பதவி என்பதால் எனக்குக் கிடைத்தது. எனக்கு இருந்த ஒரே வேலை, சங்கத்தின் எட்டுத் தராசுகளையும் பொங்கலுக்குள் எடுத்துப்போய் அரசாங்க முத்திரை குத்திவருவது. நான் குத்திவரவில்லை.

முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காக்கிப் பையோடு சைக்கிளில் ஓர் ஆய்வாளர் வந்து இறங்கினார். மிகவும் மரியாதையான மனிதர். எட்டுத் தராசையும் புரட்டிப் பார்த்தார். எட்டையும் ஓரமாக அடுக்கினார்.

"முத்திரை இல்லாத தராசுல ஒரு மிளகாகூட நிறுக்கக் கூடாது சார். நான் எடுத்துண்டு போயாகணும்."

"கருக்கல்ல பறிச்ச காய் சார்" என்றாள் எல்லம்மா. "பத்து மணி வெயில்ல தொவண்டு பூடும். மழைல நெலம் மொத்தம் முழுவிப் போய், இதான் மொதல் காய். திருப்பித் தூக்கினு போவச் சொல்றியா?"

கூறு கட்டி விற்றுப் பார்த்தோம். எந்தக் கூறு பெரியது என்பதில், ஓய்வுபெற்ற இரண்டு அதிகாரிகள் ஒரே அவரைக்காய்க் குவியலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். அதோடு அது நின்றது. விவசாயிகள் கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அப்போதுதான் மாமி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். ஆய்வாளரிடம் போனாள்.

"தராசுக்குத்தானே ஸார் முத்திரை? கைக்கு வேண்டாமே?"

அவர் சிரித்தார். பிறகு, விளையாட்டாக ஒரு கை கத்திரிக்காயை எடுத்து அவளிடம் நீட்டினார். "நானூத்து எழுபது" என்றாள் மாமி. அவர் தன் பையிலிருந்த முத்திரைத் தராசில் போட்டார். நானூற்று எழுபது. சேனைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். "எண்ணூறு. மண்ணை உதறினா எழுநூத்து அறுபது." நிறுத்தார். உதறினார். மறுபடி நிறுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கடைசியாக, மாமியைக் கண்ணை மூடச் சொல்லி, தன்னுடைய ஒரு கிலோ எடைக்கல்லையே கையில் வைத்தார். மாமியின் கை நெடுநேரம் ஆடியது.

"கிலோவுக்கு ஒரு மூணு கிராம் கம்மி ஸார். தேஞ்சு போயிருக்கு."

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைச் சோதிக்க அவரிடம் வேறு கல் இல்லை. மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சட்டத்துல கையைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். "எனக்கு அரைக் கிலோ கத்திரிக்கா குடுங்கம்மா. மாமி கையாலயே."

மாமி ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் காலனி முழுவதும் அவள் கை வழியாகப் போயிற்று. மாமி எப்போதும் வாங்குகிறவர் பக்கம்தானே என்று எல்லம்மா முதலில் முறைத்துக்கொண்டே நின்றாள். ஆனால் மாமி, "ரெண்டு வெண்டைக்காயத் திருப்பி வைங்கோ, கூட இருக்கு" என்று காலனி வக்கீலையே திருப்பி அனுப்பினாள். சொந்த மாமாவின் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டாள். அதைப் பார்த்தபிறகு எல்லம்மா ஒரு சாக்கை நாலாக மடித்துக் கூடைமேல் போட்டு, "இதுமேல குந்து மாமி" என்றாள்.

பத்து மணிக்குள் கூடைகள் காலி. எல்லம்மா சும்மாடை உதறிக்கொண்டே கேட்டாள்: "முத்திர குத்த மறந்தவன் யாரு மாமி? கையில மட்டும் கெடச்சான்னா கீது அவனுக்கு."

நான் காலிக் கூடைகளை அடுக்க ஆரம்பித்தேன். "ஏதோ தேதி குழப்பமாம். விடு" என்றாள் மாமி.

பையைத் தூக்கிக்கொண்டு அவளை வீடுவரை கொண்டுவிட்டேன். வாசலில் திரும்பினாள். "தராசு சங்கத்து ஷெட்ட விட்டே நகரலன்னு எனக்குத் தெரியும்டா. நீ சேப்பாக்கம் போனதும் தெரியும். மேட்ச் என்னாச்சு?"

"டிரா, மாமி."

"இதுக்கா போன?" என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. மாமாதான் சமைத்தார். எல்லம்மா வேளச்சேரியிலிருந்து நடந்துவந்து, நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டாள். வாசலில் நின்ற எனக்கு உள்ளே இருவரும் போட்ட சண்டை கேட்டது. எண்ணெய் எத்தனை கிராம் என்பதில் தகராறு.

அதன்பிறகு அந்தப் பதவியில் ஏழு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு மார்கழியிலும் எட்டுத் தராசையும் ரிக்‌ஷாவில் ஏற்றி முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பேன். பொறுப்பான பையன் என்று சங்கத்தில் பாராட்டினார்கள். பொறுப்பெல்லாம் இல்லை. மாமிக்கு இன்னொரு முறை கை வலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.